கரையில் சார்ஜ் ஏற்றிய வான்

நாகலிங்கம் அண்ணையைப் போல் ஒரு பிடிவாதக்காரரை அரியாலையில் நான் கண்டதில்லை. கடலேரியில் இறால் பிடித்த மனுசன். முழங்கால் வருத்தத்தில் தண்ணீருக்குள் நிற்க முடியாமல் போனதும், வள்ளத்தை விற்று ஒரு பழைய யப்பான் வான் வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு அவர் மேல் உயிர். யாருக்கு ஜன்னலோரம் வேண்டும், எந்தப் பிள்ளை காலையில் அழுதுகொண்டு வரும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். எல்லாம் சரி, சொல்வழி மட்டும் கேட்கமாட்டார்.

நான் ரயில் கடவைக்குப் பக்கத்தில் வாகன வயறிங் வேலை செய்கிறவன். ஆவணி மாதம் ஒருநாள் மத்தியானம் வந்து இறங்கினார்.

“தம்பி, உந்தப் பற்றறியை ஒருக்காப் பார். புதுசு வாங்கிப் போட்டும் இருந்தாப்போலை செத்துப்போகுது.”

மீற்றரை வைத்தேன். எஞ்சின் நிற்கும்போது பன்னிரண்டரை வோல்ற் காட்டியது. பற்றறியில் குற்றமில்லை. எஞ்சினை ஓட விட்டால் அது பதினாலுக்குக் கிட்ட ஏறவேண்டும், ஏறவில்லை. பெரிய லைற்றைப் போடச் சொன்னேன், இறங்கத் தொடங்கியது. பெல்ற் இறுக்கம், வயர்களும் சுத்தம். மிச்சம் ஒல்ரனேற்றர்தான். ஓட்டத்திலேயே கறண்ட் உண்டாக்கிப் பற்றறியை நிரப்புகிற சாமான் அது. அது செத்தால் வான் பற்றறியைத் தின்றுகொண்டே ஓடும்.

“சார்ஜ் இல்லையெண்டால் சிவப்பு லைற் எரியுமே அண்ணை, நீங்கள் பார்க்கேல்லையோ?” என்று கேட்டபடி உள்ளே எட்டிப் பார்த்தேன். லைற் இருந்த இடத்தில் ஒரு பிள்ளையார் ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது.

“அது எந்த நேரமும் கண்ணுக்கை குத்திச்சுது” என்றார்.

எனக்கு வந்த விசருக்குப் பிள்ளையாரையே பேசியிருப்பேன்.

“வானை ஒரு நாள் விட்டுட்டுப் போங்கோ. கழட்டிச் செய்து தாறன்.”

“ஒரு நாளோ! என்ன கதை கதைக்கிறாய்? நான் ஒரு நாள் வரேல்லையெண்டால் அந்த ஜெரிசன்ரை வான் போய் வாசலிலை நிக்கும். பிறகு பிள்ளையள் என்னட்டைத் திரும்பி வருமே?”

“ஞாயிற்றுக்கிழமை?”

“ரியூசன் ஆர் ஏத்திறது, நீயோ?”

அவர் சொன்னதும் பொய்யில்லை. ஜெரிசனின் வான் புதுசு, குளிரூட்டியும் இருந்தது. பிள்ளைகள் போனால் அண்ணைக்கு வேறு பிழைப்பு இல்லை. வள்ளமும் இல்லை, காலும் இல்லை.

“எங்கடை வள்ளத்திலை எந்த ஒல்ரனேற்றர் கிடந்தது?” என்றார். “பகல் முழுக்க வீட்டிலை பற்றறிக்குச் சார்ஜ் ஏத்துவம், விடியுமட்டும் லைற் எரியும். உதையும் அப்பிடிச் சமாளிப்பன்.”

“வள்ளத்திலை பற்றறி நிண்டால் இருட்டு மட்டும்தான் அண்ணை. உதிலை பெற்றோல் பம்பும் கறண்டிலைதான் ஓடுது. எஞ்சினே நிக்கும்!”

கேட்டால்தானே. கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்! அன்றிலிருந்து பின்னேரம் வந்தவுடன் பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவார், விடிய முதல் திரும்பப் பூட்டுவார். “பிள்ளைப்பெத்தவளைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறார், எனக்குக்கூட உந்தக் கவனிப்பு இல்லை” என்று அவர் மனைவி கேதீஸ்வரி அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். வானும் ஓடியது. காலையில் என் கடையைக் கடக்கும்போது ஹோர்ன் அடித்து, “எப்பிடி, ஓடுதோ?” என்று கத்திவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கார்த்திகை மழை தொடங்கிய காலை அது. வானம் அப்படி இருண்டிருந்தது. லைற் போடாமல் ஓட முடியாது, வைப்பர் இல்லாமல் ஓட முடியாது, கண்ணாடியில் மூச்சின் ஆவி படியாமல் ஃபானும் சுழலவேண்டும். வள்ளத்துப் பற்றறி ஒரு லைற்றைத்தான் சுமந்தது. இது எத்தனையைச் சுமக்கும்? கடையைத் திறந்துகொண்டிருந்த எனக்குப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. வான் கடவைக்கு நடுவில், தண்டவாளத்தின் மேல் நின்றது.

அது காவலாளி இல்லாத கடவை. நான் ஓடிப்போனபோது முன்சீற்றில் இருந்த அண்ணையின் மகள் நிவேதனா இறங்கிச் சின்னதுகளைத் தூக்கித் தூக்கி வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். அண்ணை எஞ்சினை எழுப்பத் திறப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார். டிக் டிக் என்றதே தவிர வேறு சத்தம் இல்லை.

“இறங்குங்கோ அண்ணை!”

“என்ரை வான்...”

“கியரை எடுத்துவிட்டிட்டு இறங்கும், ஐயா!” என்று தெருவில் நின்ற ஒருவர் கத்தினார்.

கியரை எடுத்துவிட்டார். இறங்கவில்லை. தெருவில் நின்றவர்களும் நானுமாகத் தள்ளினோம். ரயிலின் ஊதல் கேட்டபோது என் கால் சேற்றில் வழுக்கியது. அம்மாளாச்சி, அன்று எனக்கு உயிரே இல்லை. வானின் பின்சில்லு தண்டவாளத்தைத் தாண்டி உருண்ட கையோடு ரயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் போனது.

பிள்ளைகள் நனைந்துகொண்டு அழுதன. வானில் போன மகன் மறந்துவிட்ட தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க ஸ்கூட்டியில் பின்னால் வந்த தாய் நிரோஜா முழுவதையும் பார்த்திருந்தாள். அண்ணை வானை விட்டு இறங்கி அவளிடம் போனார்.

“ஒண்டும் நடக்கேல்லைத்தானே பிள்ளை...”

அவள் மகனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்தநாள் காலை, பள்ளிக்கூட நேரத்தில், அண்ணை வானை ஒருவரின் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். முகச் சவரம் செய்திருக்கவில்லை. ஏசவேண்டும் என்று இரவெல்லாம் சேர்த்து வைத்த ஏச்சு எனக்கு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. ஸ்பனரை எடுத்தேன்.

“பொறுங்கோ அண்ணை, மற்ற வேலையெல்லாத்தையும் விட்டிட்டு மத்தியானத்துக்கிடையிலை முடிச்சுத் தாறன். பின்னேரம் பிள்ளையளைக் கூட்டிவரப் போகலாம்.”

அவர் மர வாங்கில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அவசரமில்லை, தம்பி” என்றார். “ஏத்த ஒரு பிள்ளையும் இல்லை.”