உப்புக்கு வாசனை இல்லை

சிப்ஸை முதலில் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். ஓரத்தில் பழுப்பு ஏறியிருந்தால் அந்தத் தட்டு திரும்பிப் போய்விடும். பிறகு காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிப்பார். ஒடிகிற சத்தத்தை வைத்தே உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நாக்கு கடைசியில்தான். பாதியை வாயில் போட்டு, யாரையும் பார்க்காமல் நான்கைந்து முறை மென்று, வெந்நீரில் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "போடு" என்று ஒரே ஒரு சொல் சொல்வார். அதற்குப் பிறகுதான் பாக்கெட் மெஷின் ஓடும். இலுப்பூருக்கு வெளியே விராலிமலை ரோட்டில் இருக்கும் ஒரு சிறிய சிப்ஸ் கம்பெனி அது. எங்கள் எல்லோருக்கும் அவர் சூப்பர்வைசர் அக்கா.

நான் அங்கே மசாலா டிரம்மில் வேலைக்குச் சேர்ந்தேன். உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் வரும். கழுவி, தோல் சீவி, மெஷினில் வில்லை போட்டு, மாவுத் தண்ணீர் போகும்வரை அலசி எண்ணெயில் விடுவார்கள். எண்ணெய் வடிந்ததும் சூடாகவே டிரம்முக்கு வந்தாக வேண்டும். ஆறிவிட்டால் மசாலா ஒட்டாது, அடியில் தங்கிவிடும். டிரம் சுற்றச் சுற்ற நான் மேலிருந்து உப்பையும் மசாலாவையும் தூவ வேண்டும். தக்காளி, புதினா, மிளகாய்ப் பூண்டு, வெறும் உப்பு என்று நான்கு வகை. தக்காளி மசாலா என்று சொல்கிறோமே தவிர, அதில் தக்காளி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புளிப்பும் இனிப்பும் சிவப்பும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது போதும். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கடை வாசலில் ஐந்து ரூபாய் பாக்கெட் சரம்சரமாகத் தொங்குகிறது. சித்தன்னவாசலில் ஓவியம் பார்க்க வருகிறவர்கள்கூட கையில் ஒரு பாக்கெட்டோடுதான் பாறை ஏறுகிறார்கள். பாதிக்கு மேல் காற்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் வாங்குகிறார்கள். சேர்ந்த முதல் வாரம் நானும் கைக்கு வந்ததையெல்லாம் தின்றேன். இரண்டாவது வாரத்தில் எண்ணெய் வாடை தலைமுடிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் தோன்றியது.

ஒரு வருடம் ஊரெல்லாம் காய்ச்சல் வந்தபோது அக்காவுக்கும் வந்தது. பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினார். லைட்டில் பார்த்தார், ஒடித்தார், மென்றார், "போடு" என்றார். எதுவும் மாறவில்லை. ஆனால் அன்று எண்ணெய் காறிப்போயிருந்தது. டிரம்முக்கு அருகே நின்ற எனக்கே குமட்டியது. நான் மெல்லப் போய், "அக்கா, எண்ணெ வாடை அடிக்கலையாங்க?" என்றேன். அவர் என்னைக் கைகழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல புள்ள. காப்பி குடிச்சாலும் சுடுதண்ணிதான். சோறு மண்ணு மாதிரி இருக்கு. வெளிய சொல்லிறாத. இந்த வேலைய விட்டா எனக்கு வேற கதி இல்ல."

அவருடைய வீட்டுக்காரர் இறந்து வெகுநாளாகிவிட்டது. மகள் திருச்சியில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கேட்டதற்கு, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்றாராம். நாக்கு போன பிறகு ருசி பார்க்கும் வேலையை யார் கொடுப்பார்கள்?

அன்றிலிருந்து நான் அவருக்கு நாக்கானேன். அவர் வருவதற்கு முன்னால் டிரம்மிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். அவர் மென்றுகொண்டிருக்கும்போது நான் ஏப்ரனின் வலது பக்கத்தில் கையைத் துடைத்தால் சரி. இடது பக்கம் என்றால் உப்போ காரமோ பிசகியிருக்கிறது. அப்போது அவர், "இன்னொரு சுத்து விடு, பாப்போம்" என்பார். நான் சரி செய்வேன். எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சொல்லப்போனால் எங்களுக்கு அதில் ஒரு விளையாட்டுக்கூட வந்துவிட்டது. வேண்டுமென்றே நான் கையைத் துடைக்காமல் நிற்பேன். அவர் மென்றுகொண்டே இருப்பார். பிறகு கைகழுவும் இடத்தில் முதுகில் ஒன்று வைப்பார்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. விராலிமலை முருகனுக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறேன் என்று மாமியார் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தேன். விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் பல்லில் படக்கூடாது. சிப்ஸை மென்று துப்பினாலும் விரதம் கெட்டுப்போகும். அக்காவிடம் விரதம் என்று மட்டும் சொன்னேன், சிப்ஸை வாயில் வைக்க முடியாது என்று சொல்லத் தயங்கி விட்டுவிட்டேன். "நல்லபடியா இரு. வேற ஒண்ணும் நெனைக்காத" என்றார். மூக்கால் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மூக்கு நன்றாகவே வேலை செய்தது. எண்ணெய் காறினாலோ பூண்டு தீய்ந்தாலோ உடனே தெரிந்தது. மசாலாவின் அளவும் ஏறக்குறைய தெரிந்தது. நான்கு நாள் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் தக்காளி மசாலா புது மூட்டையில் வந்தது. அதே பை, அதே சிவப்பு, அதே வாசனை. மசாலா அனுப்புகிறவர்கள் அந்தத் தடவையிலிருந்து உப்பையும் சேர்த்தே கலந்து அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். அதைச் சொல்லிக் கடிதமும் வந்திருக்கிறது. அது ஆபீஸ் மேசையிலேயே கிடந்தது. நான் வழக்கம்போல உப்பை அளந்து தூவி, அதன் மேல் மசாலாவையும் தூவினேன். முகர்ந்து பார்த்தேன். அக்கா மென்றார். நான் வலது பக்கம் துடைத்தேன். "போடு" என்றார். உப்புக்கு வாசனை கிடையாது என்பது எனக்கு ஏன் அந்த ஐந்து நாளும் உறைக்கவில்லை என்று தெரியவில்லை.

விராலிமலையில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய மறுவாரம் சரக்கு திரும்பி வந்தது. அன்னவாசல், கீரனூர், புதுக்கோட்டை என்று எல்லாப் பக்கத்துக் கடைகளிலிருந்தும் வந்தது. பிள்ளைகள் ஒரு வாய் தின்றுவிட்டுத் துப்பியிருக்கின்றன. முதலாளி மத்தியானம் எங்கள் இருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தட்டு வைத்திருந்தார். ஒன்றில் திரும்பி வந்த சிப்ஸ், இன்னொன்றில் பழைய நல்ல சிப்ஸ். நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"இதுல எது கெட்டுப்போனதுன்னு சொல்லுங்கம்மா," என்றார்.

அக்கா இரண்டையும் லைட்டில் பார்த்தார். இரண்டையும் ஒடித்தார். ஒன்றை மென்றார், பிறகு மற்றதை மென்றார். வெந்நீர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் தெரியாது. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு சார்," என்றார். முதலாளி இரண்டு தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நீதான டிரம்முல நின்ன? நீ ஒண்ணும் பாக்கலையா?"

"அக்கா சரின்னாங்க சார். அதான் போட்டேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. நான் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அக்கா என்னைப் பார்க்காமலே, "ஆமா சார், நாந்தான் சொன்னேன். அந்தப் புள்ளைக்கு இதுல ஒண்ணுமில்ல," என்றார். முதலாளி மோசமான மனிதரில்லை. கிழங்கு பொறுக்கும் இடத்தில் இருந்துகொள்ளச் சொன்னார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் காலை முதலாளி என்னை ருசி பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது.

ஏழு வருடமாகிறது. இப்போது நான்தான் சூப்பர்வைசர். புதுப் பெண்கள் என்னை அக்கா என்கிறார்கள். வகை நான்கிலிருந்து ஒன்பதாகிவிட்டது. வெங்காயமும் தயிரும் கலந்த ஒன்று, எலுமிச்சையும் மிளகும் கலந்த ஒன்று. எல்லாவற்றையும் தினமும் மெல்லுகிறேன், துப்புகிறேன். நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் சரியாக இருக்கிறது என்பேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. குழந்தை அந்த வருடமும் இல்லை, பிறகும் இல்லை. அதைப் பற்றியும் இப்போது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. வெகுநேரம் மடக்கி வைத்திருந்த கால் மாதிரி, இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

போன மாதம் நார்த்தாமலைப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனபோது, அக்காவின் ஊர் அடுத்ததுதான் என்றார்கள். போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மகள் வேலைக்குப் போய்விட்டாளாம், சென்னையில் இருக்கிறாளாம். "வா புள்ள, இங்கிட்டு நெழல்ல ஒக்காரு" என்றார். ருசி திரும்பி வந்ததா என்று கேட்டேன். புளிப்பு மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்றார். ஏழு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் வாயிலயே வைக்கலக்கா. விரதம். மோந்து பாத்துட்டுத்தான் சரின்னேன்."

"தெரியுமே," என்றார். மாடு குடித்து முடிக்கும்வரை வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "அஞ்சு நாளும் ஒன் வாயத்தான பாத்துக்கிட்டு நின்னேன். அது அசையவே இல்ல."

"அப்ப ஏங்க்கா போடுன்னு சொன்னீங்க?"

"புள்ள வேணுமின்னு பட்டினி கெடக்குற. ஒண்ண மென்னு பாத்துச் சொல்லுன்னு ஒங்கிட்ட நான் எப்புடிக் கேப்பேன்?"

நான் மன்னிப்பாவது கேட்டிருக்க வேண்டும். அக்கா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கும் சேர்த்துச் சோறு போட உள்ளே போனார். நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்தேகால் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.