கையில் அதிர்ந்த கிரைண்டர்

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். பலாபத்வலையில் பெரிய ரோட்டோரம் நானும் கணவரும் கேட், கிறில் செய்யும் வேலைத்தளம் வைத்திருக்கிறோம். அவர் எல்கடுவப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கேட் பொருத்தப் போயிருந்ததால் அன்று நான் தனியாக இருந்தேன்.

தம்புள்ளையிலிருந்து தக்காளி ஏற்றி வந்த லொறி ஒன்று வாசலில் நின்றது. பஸ் உரசியதில் மட்கார்டைத் தாங்கும் இரும்பு வளைந்து டயரில் தேய்த்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இத சுருக்கா வெட்டித் தாங்க. கண்டிக்குப் போகணும், தக்காளி நசிஞ்சிரும்" என்றார் டிரைவர், பக்கத்திலேயே குனிந்து நின்றபடி.

இரும்பு வெட்டும் கிரைண்டரைப் போட்டேன். முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. நிறுத்திவிட்டுக் கணவருக்குப் போன் எடுத்தேன்.

"நேத்தும் கொஞ்சம் ஆடிச்சு. இறுக்கிப் புடிச்சு வெட்டிடு" என்றார்.

எனக்கு மனம் வரவில்லை. "நானா, இது என்னன்னு பார்க்காம வெட்ட மாட்டேன்" என்று அண்ணன் முறை வைத்தே டிரைவரிடம் சொன்னேன். அவர் முகம் கடுத்துவிட்டது.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மெஷினை வெறுமனே ஓடவிட்டேன். ஆட்டமே இல்லை. அப்போ கோளாறு உள்ளே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க் உட்காரும் வாசரைத் தடவிப் பார்த்தேன். இரும்புப் பொறி உருகி ஒரு பக்கம் பொருக்காக ஒட்டியிருந்தது. டிஸ்க் சரிந்து உட்கார்ந்தது அதனால்தான். அரத்தால் சுரண்டத் தொடங்கினேன்.

பொறுமை போன டிரைவர், கழற்றி வைத்த டிஸ்க்கை எடுத்தார். "இது நல்லாத்தானே இருக்கு?" என்று லேசாக வளைத்தார். நடு ஓட்டையிலிருந்து விண்டு, அவர் கையிலேயே இரண்டாகிவிட்டது.

சரிந்து சுற்றியதிலேயே உள்ளே கீறல் விட்டிருந்தது. சுற்றுகிற வேகத்தில் உடைந்திருந்தால், துண்டு அவர் குனிந்து நின்ற பக்கம்தான் பறந்திருக்கும்.

புது டிஸ்க் பூட்டி, ஆளில்லாத பக்கம் திருப்பி ஓடவிட்டேன். சீராகச் சுற்றியது. வெட்டப் போகும்போது, "கொஞ்சம் இருங்க தங்கச்சி" என்று ரோட்டோரம் போய் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் எடுத்தேன். மகளுக்கிட்ட குடுங்க."

அவ்வளவு அவசரப்பட்ட மனுஷன், மகள் வந்து பேசும்வரை காத்து நின்றார். பிறகு இரும்பை வெட்டிக் கொடுத்தேன். லொறி கண்டிப் பக்கம் போனது.

இன்றும் யாராவது அவசரப்படுத்தினால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்களுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று நினைத்து, மெஷினை ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறேன்.