ஏழு மாத்திரை அக்கா

எங்கள் அம்மாவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட முதல் நோயாளி நான்தான். எனக்கு வியாதி எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம். நல்லூரில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைனில் குடியிருந்தோம். அம்மா பனியன் கம்பெனியிலிருந்து தைத்த துணி மூட்டை வாங்கி வந்து வீட்டிலேயே நூல் பிசிறு வெட்டுவாள். காலையில் எப்போதும் வீட்டில் இருக்கிற ஆள், பேச்சிலும் தணிவு என்று பார்த்து, தடுப்பூசி போட வரும் நர்ஸம்மா அவளைக் காசநோய் மாத்திரை கொடுக்கும் வேலைக்குப் பிடித்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாள் பயிற்சி. நோயாளி ஏழு மாத்திரையையும் கண்ணெதிரே விழுங்க வேண்டும். வரவில்லையென்றால் அன்றைக்கே தேடிப் போக வேண்டும். யாருக்கு வியாதி என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது. அம்மா இதை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே திரிந்தாள்.

செய்து பார்க்க ஆள் வேண்டுமே. ஒன்பது வயதில் நான் இருந்தேன். ஏழு சீரக மிட்டாயை என் உள்ளங்கையில் வைத்து, "வாயத் தொற கண்ணு, நாக்கத் தூக்கு" என்பாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அம்மா என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

அப்புறம் நிஜ நோயாளி வந்துவிட்டாள். லைனின் கடைசி அறையில் மூன்று பெண்களோடு தங்கி, கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த திருநெல்வேலிப் பக்கத்து அக்கா. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரைக்கு வருவாள். அவள் பேர் எழுதிய மருந்துப் பெட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. என் பேர் எழுதிய எதுவும் எங்கள் வீட்டில் அவ்வளவு உயரத்துக்கு ஏறியதில்லை. அம்மா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு அவளை வாசலில் உட்கார வைப்பாள். "வாயத் தொற கண்ணு" என்பது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். மாத்திரை குமட்டாமலிருக்க அவளுக்கு அவித்த முட்டை வேறு. எனக்கு வாரத்துக்கு ஒன்று, அவளுக்கு மூன்று. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நானும் இருமிப் பார்த்தேன். அம்மா முகம் வெளுத்துப் போய், வெட்டின துணியை அப்படியே போட்டுவிட்டு என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள். முதுகில் தட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

இரண்டு மாதம் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, குழாயடியில் பெண்கள் அக்காவுக்கு உடம்பு தேறி நிறம் கூடிவிட்டதைப் புகழ்ந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. "அவங்களுக்கு டி.பி.ங்க. எங்கூட்டுலதான் ஏழு மாத்திரை திங்கறாங்க" என்றேன். அக்கா வரிசையில் வைத்துவிட்டுப் போயிருந்த குடத்தை ஒருத்தி காலால் தள்ளி வைத்தாள்.

புதன்கிழமை அக்கா வரவில்லை. ஏழு மணிக்கு அம்மா அவள் அறைக்குப் போனாள். கூட இருந்தவர்கள் அவள் துணிமணியை வெளியே வைத்துவிட்டார்களாம். ஊருக்குப் போவதாகச் சொன்னாளாம். அம்மா பெட்டியை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். அக்கா பையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"மொதல்ல இத முழுங்கு கண்ணு. பொறவு அழுவலாம்."

முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஏழையும் விழுங்க வைத்தாள். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பஸ் வந்தபோது பையைப் பிடுங்கிக்கொண்டு அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

புள்ளை இருக்கிற ஊடு என்று அப்பா தயங்கினார். அம்மா சளிப் பரிசோதனைச் சீட்டை நீட்டினாள். "இனி ஒட்டாதுங்க. ஒட்டுமுன்னுதான் இத்தன நாளா புள்ளய உள்ள தள்ளிக் கதவச் சாத்துனேன்." நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆனால் என் கவலை எல்லாம், லைனை விட்டே நான் துரத்தியவள் இப்போது என் பாயில் பாதியை வாங்கிக்கொள்ளப் போகிறாளே என்பதுதான்.

நாலு மாதம் இருந்தாள். தினமும் காலையில் எனக்குத் தலை சீவிப் பின்னிவிட்டாள். அம்மாவோ, விஷயம் தன் வாயிலிருந்துதான் எப்படியோ நழுவியது என்று முடிவு கட்டிக்கொண்டு, அக்காவிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். குழாயடியில் விசாரிக்கவும் அவளுக்குப் பயம்; விசாரித்தால் அதுவும் சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். இந்த வேலைக்குத் தான் லாயக்கில்லை என்று நர்ஸம்மாவிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மாத்திரை முடிந்து, அருள்புரத்தில் ஒரு ஹாஸ்டலுக்குக் கிளம்பிய காலையில் அக்கா கடைசியாக எனக்கு ஜடை போட்டாள். ரிப்பனை இறுக்கிக்கொண்டே காதருகே சொன்னாள்:

"கொழாயடியில சொன்னது நீதான்னு அன்னைக்கே தெரியும்ட்டி. ஒங்கம்மைட்ட நான் சொல்லல."

அடி தப்பியது என்று எனக்கு ஒரே நிம்மதி. அவள் தெரு முனை திரும்பும் முன்பே, என் பாயை நடு வீட்டில் அகலமாக விரித்துப் படுத்துப் பார்த்தேன். நாலு மாதம் அம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்ட ஒவ்வொரு தடவையும், "விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு என் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாளே, அந்தக் கை ஒரு நாள்கூட முடியை வெடுக்கென்று இழுத்ததில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.