செவலை விலகிய மாலை

கணபதி என்ற ஊரில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு நான் மூத்த மருமகள், சுமதி இளையவள். அடுப்பின் பெரிய பர்னருக்குத் தினமும் எங்களுக்குள் போட்டிதான்.

முயல்குட்டி போலிருக்கும் கினிப் பிக்கை ஆளுக்கொன்று வாங்கி ஒரே கூண்டில் விட்டோம். என்னுடையது செவலை, அவளுடையது வெள்ளை. யார் பெரியவன் என்று இரண்டும் பல்லை நறநறவெனக் கடித்துத் துரத்திக்கொண்டன. ‘விட்டுராதடா’ என்று மனதுக்குள் செவலையை உசுப்பேற்றினேன்.

ஒரு மாலை, கொத்தமல்லித் தழைக்கு முன்னால் வெள்ளை சவாலாகத் தன் மூக்கை உயர்த்தி நின்றது. செவலை தலையைத் தாழ்த்தி விலகியது. சற்று நேரத்தில் இரண்டும் ஒன்றாகவே தின்றன. அதன்பின் சண்டையே இல்லை.

“ஏனுங்க்கா, உங்க செவலை தோத்துப்போச்சுங்களே!” என்று சிரித்தாள் சுமதி.

“தோக்கலை அம்மணி. சண்டைய முடிச்சு வெச்சதே அதுதான்” என்றேன். எனக்கு அத்தனை பெருமை.

மறுநாள் காலை பெரிய பர்னரைச் சுமதிக்கு விட்டேன். தலை நிமிர்ந்துதான் விட்டேன்.