வடக்கு வாசலும் மீனம்மாள் வீட்டுச் சன்னலும்

கூத்தையா அவிட்ட நட்சத்திரத்தில் செத்துப்போனான். அதனால் அவனை வாசல் வழியாக எடுக்கவில்லை.

அவிட்டத்தில் உயிர் போனால் ஆறு மாதம் அடைப்பு என்பார்கள். வாசல் வழியாக எடுத்தால், செத்தவன் அதே வழியில் திரும்பி வந்து வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். ஆகவே சுவரை உடைத்துப் பிணத்தை வெளியே எடுத்து, கையோடு அந்தப் பொத்தலை அடைத்துவிட வேண்டும். திரும்பி வருகிறவனுக்கு வழி பிடிபடாது. சுற்றிச் சுற்றி அலைந்துவிட்டுப் போய்விடுவான்.

கூத்தையாவின் அண்ணன் சோணைமுத்துதான் இடத்தைக் காட்டினான். தெற்குச் சுவரில் ஒரு சன்னல் இருந்தது. "இங்கன இடிங்கலே, பாதி வேலை மிச்சம்" என்றான். சன்னலுக்குக் கீழே தரைவரைக்கும் இடித்தார்கள். கூத்தையாவை அது வழியாக வெளியே நீட்டினார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் சுடாத பச்சைக் கல்லும் சேறும் வைத்து அடைத்தாயிற்று. வீட்டில் இருந்த ஒரே சன்னல் அது.

ஆர்.எஸ். மங்கலத்துக்கு மேற்கே, மழையை நம்பி விதைக்கிற சின்ன ஊர். மண்சுவர், பனையோலைக் கூரை, ஒற்றை அறை. அந்த அறையில்தான் கூத்தையா நெஞ்சுச் சளியோடு கிடந்து இருமினான். மகள் ராமலெட்சுமி அவன் பாயில்தான் படுப்பாள். அப்பன் செல்லம். அதைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடைத்த சில நாளிலேயே கூத்தையாவின் பெண்சாதி மீனம்மாளுக்கு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. நகத்தால் மண்ணைச் சுரண்டுகிற சத்தம். சுவரில் காதை வைத்தால் நின்றுவிடும். காதை எடுத்தால் மறுபடி தொடங்கும். எலி என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எலியென்றால் இந்த வீட்டில் அதற்குத் தின்ன என்ன இருக்கிறது என்று மீனம்மாள் யோசித்தாள்.

அறுப்பு முடிந்த மாதத்தில் ராமலெட்சுமி இருமத் தொடங்கினாள். சாயங்காலமானால் உடம்பு கதகதக்கும். கன்னம் ஒட்டியது. அரசாங்க மருந்தகத்திலிருந்து நர்ஸ் சேதுலட்சுமி வந்து பார்த்தார்.

"ஏம்மா, இது வீடா, நெல்லுக் குதிரா? சன்னல் எங்க?"

"இருந்துச்சும்மா. அடைச்சிட்டோம்."

காரணத்தைக் கேட்ட சேதுலட்சுமி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "செத்தவரு வருவாரா மாட்டாராங்கிறது எனக்குத் தெரியாது. அவரு துப்பிட்டுப் போன கிருமி இந்த இருட்டுக்குள்ள இருக்கு, அது தெரியும். வெயிலு பட்டா அது சாகும். மருந்து நான் தாரேன். சன்னலை நீ திற."

ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் சோணைமுத்து சம்மதிக்கவில்லை. "ஆறு மாசங்கிறது வாசலுக்குத்தான். அவன் போன வழியையே தொறந்தா, வாய்யா வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போன்னு பாக்கு வச்ச மாதிரி. பிள்ள மேல அவனுக்கு உசுரு, தெரியும்ல?"

தெரியும். அதுதான் மீனம்மாளுக்குப் பயம். கடப்பாரையை எடுப்பாள், சுவர்வரைக்கும் போவாள், திரும்ப மூலையில் சாத்திவிடுவாள். திறக்காவிட்டால் நோய் கொண்டுபோகும். திறந்தால் அப்பன் கொண்டுபோவான். பிள்ளை ஒன்றே ஒன்று.

அந்த வருடம் மழை இல்லை. காரங்காட்டுக்கு வடக்கே வெள்ளிமுனையில், ஐம்பத்தைந்தாம் வருடப் புயலில் ஓடு பறந்த மாதா கோயிலைப் பழுது பார்க்கிறார்கள் என்று முனியசாமிக் கொத்தனார் ஆள் சேர்த்தார். மீனம்மாள் மகளையும் அழைத்துக்கொண்டு போனாள். வேலையாட்களுக்குக் கோயில் ஓரமாகக் கொட்டகை போட்டிருந்தார்கள். ராமலெட்சுமி அங்கே பகலெல்லாம் கடற்காற்றில் படுத்துக் கிடந்தாள். மீனம்மாளுக்குச் சுண்ணாம்பு சலிக்கிற வேலை, கலவைச் சட்டி தூக்குகிற வேலை.

அது ஒரே காலத்தில் கட்டிய கோயில் இல்லை. பீடத்தைச் சுற்றியிருந்த பகுதிதான் ஆகப் பழையது. கடலிலிருந்து வெட்டியெடுத்த பாறைக்கல், ஆளைப் படுக்கவைக்கிற அகலத்தில் சுவர். பிறகு வந்தவர்கள் சனம் பெருகியதும் அதை மேற்கே நீட்டியிருந்தார்கள். அங்கே கல் சிறியது. அதற்கும் பிறகு யாரோ முன்னால் செங்கல்லில் ஒரு முகப்பு வைத்திருந்தார்கள். புயல் கூரையைத் தூக்கியதும் சுவரின் தலையில் மழை இறங்கி, உள்ளே ஊறிப் போயிருந்தது. பூச்சைச் சுரண்டினால் வெங்காயம் போல உரிந்தது. வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே காவியில் ஒரு கொடி, இலை, பாதி அழிந்த ஒரு முகம். அந்த முகத்துக்கு ஒரு கண்தான் மிச்சம். சட்டி தூக்குகிற பெண்கள் அதற்கு நேரே போகாமல் ஒதுங்கிப் போனார்கள்.

வடக்குச் சுவரைச் சுரண்டியபோது ஒரு வளைவு தெரிந்தது. வாசல் அளவுக்கு உயரம். வளைவுக்குள் வேறு கல், வேறு சுண்ணாம்பு. முனியசாமி கரண்டிக் காம்பால் தட்டினார். பொத்தென்று ஒரு சத்தம். கூடவே உள்ளேயிருந்து மெல்லச் சுரண்டுகிற மாதிரி ஒன்று.

மீனம்மாளின் கையிலிருந்த சட்டி நழுவியது.

முனியசாமி சாரத்திலிருந்து இறங்கிவிட்டார். "இது அடைப்புய்யா. எவனோ அவிட்டத்துல செத்திருக்கான். சுவரை ஒடச்சு எடுத்திருக்காக. எங்க ஆளுக தொடமாட்டாக."

உபதேசியார் சவரிமுத்து, கோயில் காரியங்களைப் பார்க்கிறவர், விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே முனியசாமி, ஞானஸ்நானம் வாங்குனவனுக்கு அவிட்டமாவது சதயமாவது! எங்க ஆளுக மோட்சத்துக்குப் போற அவசரத்துல பஞ்சாங்கம் பாக்கிறதில்லலே."

"அப்ப ஏன் உபதேசியாரே, உங்க சனம் இந்தச் சுவருகிட்ட உக்கார மாட்டேங்குது?" என்றாள் மீனம்மாள். "ஞாயித்துக்கிழமை பாத்தேன். தெக்குப் பக்கம் தோளோட தோள் இடிக்குது. இங்கன ஒரு பாய் விரிக்கல."

உபதேசியாரின் சிரிப்பு நின்றது. "அது பழக்கம்."

"என்ன பழக்கம்?"

"எங்க அய்யா உக்காரல, நானும் உக்காரல. விடுவியா!"

பங்குச் சாமியார் வந்தார். அடைத்த கல் பழைய சுவரோடு பிணையவில்லை என்பதை அவரே விரலை விட்டுக் காட்டினார். தண்ணீர் இறங்கி, சுவர் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி வெளியே தள்ளி நின்றது. "மழைக்கு முந்தி எடுக்கலேன்னா இந்தப் பக்கமே சரியும். சனம் உள்ள இருக்கும்போது சரிஞ்சா யார் பதில் சொல்றது? நீங்க தொடலேன்னா நானே எடுக்கிறேன்" என்று அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினார்.

"இறங்குங்க சாமி" என்றாள் மீனம்மாள். "நான் எடுக்கிறேன்."

கூட வேலை பார்த்த வீரலட்சுமி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? வீட்டுல உள்ளது போதாதா?"

"வீட்டுல உள்ளதைத் தொறக்கவா வேணாமான்னு இங்கன பாத்துக்கிறேன். என்ன வருதுன்னு தெரிஞ்சிரும்ல?"

"வந்துட்டா?"

"வந்தா இவுக ஆளுகளைத் தேடி வரும். நம்ம யாருன்னு அதுக்கு அடையாளம் தெரியாது."

வளைவின் உச்சியில் இருந்த கல்லை அவள்தான் முதலில் ஆட்டி எடுத்தாள். உள்ளேயிருந்து மணல் கொட்டியது. சாக்கைக் கிழித்ததுபோலக் கொட்டிக்கொண்டே இருந்தது. சுரண்டிய சத்தம் அந்த மணல் இறங்கும் சத்தமாக இருக்கலாம். அப்படித்தான் எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். வெளிப்பக்கத்துக் கல்லும் பெயர்ந்ததும், நெடுநேரம் அடக்கிய மூச்சை விட்டதுபோல ஒரு காற்று உள்ளே வந்தது. பீடத்து விளக்கு அணைந்தது. முன்பு அந்தப் பக்கம் மணல்மேடும் முள்ளும் மண்டிக் கிடந்தன. புயல் அதையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது. வாசல்படிக்குக் கீழே நேராகக் கடல்.

சத்தம் கேட்டு ஊர்ப் பெண்கள் வந்தார்கள். படியருகே வரவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுத் தூரத்திலேயே முழங்காலிட்டார்கள். இன்னாசியம்மாள் என்கிற மீன்காரிதான் பேசினாள்.

"எங்க கல்லறை இங்கனதாம்மா இருந்துச்சு. இந்த வாசல் வழியாத்தான் தூக்கிட்டுப் போவாகளாம். கடல் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுருச்சு. ஒரு புயல்ல குழியெல்லாம் வாயத் தொறந்து, விடிஞ்சு பாத்தா இந்தப் படியில எலும்பு. கழுவி, செபம் சொல்லி, மறுபடி புதைச்சாகளாம். மறுபடி வந்துச்சாம். எங்க சனந்தானே, வராதீக போங்கன்னு வாய்விட்டுச் சொல்ல மனசு வரல. வாசலை அடைச்சிட்டாக."

அவிட்டம் இல்லை, பஞ்சாங்கம் இல்லை. மற்றபடி எல்லாம் அதேதான்.

அந்த நேரத்தில் ராமலெட்சுமி கொட்டகையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. திறந்த வளைவுக்குள் போய் நின்று கடலைப் பார்த்தாள். இருமினாள். வாயைப் பொத்திய கையை எடுத்தபோது உள்ளங்கையில் ரத்தம்.

வேலை நின்றது. "சொன்னேனா இல்லையா" என்று வீரலட்சுமி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சாமியார்கூட ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

மீனம்மாள் மகளின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நல்ல சிவப்பு, நுரை கலந்தது. இந்த ரத்தத்தை அவளுக்குத் தெரியும். கூத்தையா கக்கியபோது அவள் தன் முந்தானையால் துடைத்திருக்கிறாள். அப்போது அந்த வீட்டில் யாரும் செத்திருக்கவில்லை. எந்தச் சுவரையும் யாரும் திறக்கவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போக எவரும் வரவில்லை. அது தானாக வந்த நோய். இதுவும் அதே நோய். இதற்கு ஆவி தேவையில்லை.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். உப்பு ஏற்றிப்போன மாட்டுவண்டி ஒன்று வழியில் கிடைத்தது. மருந்தகத்தில் சேதுலட்சுமி ஊசி போட்டார். தினம் வர வேண்டும், மாதக்கணக்கில் வர வேண்டும், நடுவில் நிறுத்தினால் போட்டதெல்லாம் வீண் என்றார். சன்னலைப் பற்றி அவர் கேட்கவில்லை. மீனம்மாளே சொன்னாள், "நாளைக்குத் தொறந்திருவேன்."

மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்தாள். சோணைமுத்து தெருவில் நின்று கத்தினான்.

"அவன் வருவான் பாரு! வந்து கூட்டிட்டுப் போவான்! பெறகு என்கிட்ட வந்து அழுவாத!"

"அழ மாட்டேன் மச்சான். வெயிலுல நிக்காதீக. வந்து ஒரு கை பிடிங்க, இல்லேன்னா வீட்டுக்குப் போங்க."

அவன் போகவுமில்லை, வரவுமில்லை.

பச்சைக் கல் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு கல்லின் உள்முகத்தில், நெருக்கமாக, மெல்லிய கோடுகள் ஓடியிருந்தன. கரையான் அரித்தாலும் அப்படி இருக்கும். எலி பறித்தாலும் அப்படி இருக்கும். மீனம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரிடமும் காட்டாமல் அதை மட்டும் நொறுக்கிக் குப்பைக்குழியில் போட்டாள். கீழ்ப்பாதியை விட்டுவிட்டு மேலே சன்னல் அளவுக்குத் திறந்தாள். கூத்தையாவின் பாய் கிடந்த இடத்தில் வெயில் விழுந்தது. அங்கே சாணி தெளித்து மெழுகி, காய்ந்த பிறகு மகளைப் படுக்க வைத்தாள்.

ராமலெட்சுமி சன்னலைப் பார்த்தபடியே கிடந்தாள். பிறகு, பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்: "அய்யா வந்திருக்காரு."

மீனம்மாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "எங்கன?"

"வெளிய. சன்னலுகிட்ட நிக்கிறாரு. உள்ள வரவான்னு கேக்குறாரு."

ஆற்றிய கை ஒருதரம் நின்றது. பிறகு மறுபடி ஆற்றினாள்.

"அங்கனயே நின்னு பாத்துட்டுப் போகச் சொல்லு. உள்ள வந்தா பழையபடி உன் பாயில படுத்து உன் மூஞ்சியில மூச்சு விடுவாரு. அது ஆகாது. நர்ஸம்மா சொல்லியிருக்கு."

ராமலெட்சுமி சன்னல் பக்கம் திரும்பி, "அய்யா, உள்ள வராதீக" என்றாள். பிறகு கஞ்சி குடித்தாள்.

ஊசியும் மாத்திரையும் நெடுநாள் போயின. மீனம்மாள் அதிகாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்தகம் போய்வந்து, கிடைத்த காட்டு வேலையைச் செய்தாள். கூத்தையா தினம் வந்தான். இன்னைக்குத் தலைப்பாகை கட்டியிருக்காரு, இன்னைக்கு ஒண்ணும் பேசல என்று பிள்ளை சொல்லும். மீனம்மாள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே வேலை பார்ப்பாள். ஆனால் தலையை வாராமல் அந்தச் சன்னலுக்கு முன்னால் அவள் நிற்பதில்லை.

பிள்ளையின் கன்னத்தில் சதை பிடித்தது. சாயங்காலக் காய்ச்சல் விட்டது. ராமலெட்சுமி தெருவில் ஓடி ஆட ஆரம்பித்தாள். சன்னல் பக்கம் பார்ப்பது குறைந்தது.

ஒருநாள் மீனம்மாளே கேட்டாள். "இன்னைக்கு வந்தாரா?"

"யாரு?" என்றாள் பிள்ளை.

அன்றைக்குத்தான் மீனம்மாள் அழுதாள். கதவைச் சாத்தி, வாயில் துணியை வைத்துக்கொண்டு, அவன் செத்த அன்றைக்குக்கூட அழாத அளவுக்கு அழுதாள். முடிந்ததும் முகத்தைக் கழுவினாள். வெள்ளிமுனையில் பூச்சு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று முனியசாமி சொல்லி அனுப்பியிருந்தார். கிளம்பிப் போனாள்.