பல்செட் மாமா கிட்டாருக்குக் கழுத்து வைத்த கதை

பல்செட் மாமாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பல் மருத்துவமனையின் பின்னறையில் பொய்ப்பல் செய்வது அவர் வேலை. டாக்டர் முன்னறையில் வாயை அளவெடுத்து, அதன் பிளாஸ்டர் அச்சை உள்ளே அனுப்புவார். மாமா அந்த அச்சுக்கு ஒரு செட் செய்து வெளியே அனுப்புவார். வாய் யாருடையது என்று தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. "அச்சு பேசாது, அழாது, எச்சில் துப்பாது. அதான் எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல" என்பார். செட் குத்துகிறது என்று எப்போதாவது திரும்பி வந்தால், அதை அச்சின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "அச்சுக்குச் சரியாத்தான் இருக்கு டாக்டர், வாய்தான் சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கிட்டார் செய்யும் ஆசை வந்ததற்குக் காரணம் அவர் மனைவி. அவள் கல்யாணத்துக்கு முன் நன்றாக வாசித்தவள். பிள்ளைகள் பிறந்த பிறகு அந்தக் கிட்டார் யார் வீட்டுக்கோ போய்விட்டது. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்காக வெளியூர் போன பிறகு ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே, "ஒரு கிட்டார் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்திருப்பார்கள். மாமா, "கடையில எதுக்கு? நானே செஞ்சு தர்றேன்" என்று வாயை விட்டுவிட்டார். அவள் மறுபடி வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் உண்மைதான். தன் கைகளைப் பற்றி அவருக்கு இருந்த திமிரும் உண்மைதான்.

பிள்ளைகள் இருந்த அறை பட்டறையாயிற்று. கட்டிலின் மேல் பலகை, பலகையின் மேல் மரத்தூள், மரத்தூளின் மேல் மாமா. பக்கங்களை வளைத்தார், முகப்பை ஒட்டினார், வட்டத் துளை போட்டார். வட்டம் முட்டையாகி, முட்டையைத் திருத்தப்போய்த் துளை பெரிதாயிற்று. மச்சினன் வரும்போதெல்லாம், "என்ன மாமா, இதுல வாசிக்கப் போறீங்களா, இல்ல புறா வளர்க்கப் போறீங்களா?" என்று கேட்பான். "முதல்ல புறா வரட்டும்டா, அதுகூட வருமான்னு சந்தேகமா இருக்கு" என்பார் மாமா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வருவதாக இருந்தது. அக்கா பாட, தங்கை வாசிக்க என்று வளர்ந்தவர்கள். "அக்கா வர்றப்ப தயாராயிடுமா?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். இத்தனை நாளில் அவள் இதைப் பற்றிக் கேட்டது அது ஒன்றுதான். மாமா பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கழுத்து இன்னும் தனியாகவும் உடம்பு தனியாகவும் கிடந்தன.

கழுத்தின் அடியில் விரிந்த வால் மாதிரி ஒரு முனை. உடம்பில் அதை வாங்கிக்கொள்ள ஒரு பள்ளம். இரண்டும் பிசகாமல் பொருந்த வேண்டும். கழுத்து கொஞ்சம் முன்னால் குனிந்தாலும் கம்பி எட்டாத உயரத்துக்குப் போய்விடும், பின்னால் சாய்ந்தால் பலகையில் உரசும். முதல் முறை இறக்கிப் பார்த்தபோது, சுளுக்குப் பிடித்தவர் மாதிரி கிட்டார் ஒரு பக்கமாகப் பார்த்தது. மாமா ஒரு பக்கம் செதுக்கினார். அது மறுபக்கம் பார்த்தது. "எம்மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல போல" என்று சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்குத் தொழில் புத்தி வேலை செய்தது. பல் எங்கே தட்டுகிறது என்று பார்க்க, நோயாளியைக் கடிக்கச் சொல்வார்களே, அந்த நீலத்தாள்! மருத்துவமனையிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தார். தாளைப் பள்ளத்தில் வைத்து வாலை இறக்கி எடுத்தால், எங்கே மரம் தொடுகிறதோ அங்கே நீலப் பொட்டு. பொட்டு விழுந்த இடத்தை மட்டும் சுரண்டினார். மறுபடி இறக்கினார், மறுபடி சுரண்டினார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, வால் முழுக்க ஒரே சீராக நீலம் பூத்தது. நீள ஸ்கேலைக் கழுத்தின் மேல் படுக்க வைத்தார். அதன் முனை, உடம்பின் மேல் கம்பிகளைக் கட்டும் கட்டையின் உச்சியைச் சரியாகத் தொட்டது. பசை ஒரு சொட்டு இல்லாமல் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். உடம்பு கூடவே வந்தது! மாமா கிட்டாரைத் தூக்கிப் பிடித்தபடி வீடு முழுக்க ஒரு சுற்று வந்தார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மாமா அதை அவள் மடியில் வைத்துவிட்டு எதிரே நின்றார். அவள் இடது கையால் கழுத்தைப் பற்றினாள். கட்டைவிரலை நகர்த்திப் பார்த்தாள், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்று சிரித்தாள். பிறகு அதைப் பத்திரமாகக் கட்டிலில் கிடத்திவிட்டு மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

அந்தத் தடவலில் மாமாவுக்குச் சுருக்கென்றது. டாக்டர் ஒரு முறை சொல்லியிருந்தார்: சில பேர், "பரவாயில்ல டாக்டர்" என்று செட்டை வாங்கிக்கொண்டு போய் டம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவார்களாம். போட்டோவுக்கு மட்டும் மாட்டிக்கொள்வார்களாம். மாமா அதைக் கேட்டு அன்று விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது தன் வீட்டுக் கட்டிலில் ஒன்று டம்ளருக்குக் காத்துக் கிடப்பது தெரிந்தது.

வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத கேள்வியைக் கேட்டார். "எங்க இடிக்குது?"

"ஒண்ணும் இல்லைங்க."

"சும்மா சொல்லு."

"தடியா இருக்கு. என் கட்டைவிரல் அந்தப் பக்கம் வரவே மாட்டேங்குது. உங்க கைக்கு அளவா செஞ்சிருக்கீங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு நிறுத்த முடியவில்லை. "சமையல்கட்டுல நீங்க அடிச்ச அலமாரியும் உங்க உயரத்துக்குத்தான். இன்னிக்கும் ஸ்டூல் போட்டு ஏறித்தான் டப்பா எடுக்கறேன். நீங்க செஞ்ச நாற்காலில உக்காந்தா எனக்குக் கால் தரையில படாது."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"செஞ்சு முடிச்சுட்டு எதிர்ல வந்து நின்னு என் முகத்தையே பாப்பீங்க. அப்படி நிக்கறவர்கிட்ட எப்படிங்க சொல்றது?"

மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அச்சுக்குச் சரியாக, வாழ்க்கை முழுக்க ஒருத்திக்குச் செட் செய்து கொடுத்திருக்கிறார். அவளும் மெல்ல முடியாமல் மென்றிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

கழுத்தை இழைக்க வேண்டுமானால் அதை வெளியே எடுத்தாக வேண்டும். அவ்வளவு இறுக்கமாகப் பொருத்தியது சும்மா வருமா? மரச் சுத்தியலால் தட்டினார். வரவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். வந்தது, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு சில்லையும் பெயர்த்துக்கொண்டு. அவர் பெருமையே அந்தப் பொருத்துதான். மனசுக்குள் அழுதார். வெளியிலும் கொஞ்சம் அழுதார். மரத்தூள் என்று சொல்லிச் சமாளித்தார்.

"உக்காரு" என்றார். கழுத்தைச் சுற்றி நீலத்தாளை மை வெளியே தெரியும்படி ஒட்டினார். "நீ வாசிக்கற மாதிரி பிடி." அவள் பிடித்தாள். உள்ளங்கையில் எங்கெல்லாம் நீலம் ஏறியதோ, அந்த இடங்களை மரத்தில் பார்த்து இழைத்தார். மறுபடி பிடிக்கச் சொன்னார். "இங்க இன்னும் கொஞ்சம்" என்றாள். "ஐயோ, அங்க போதும்" என்றாள். குரலில் அதிகாரம் ஏற ஏற மாமாவின் இழைப்புளி வேகமெடுத்தது. பொருத்து தொளதொளத்துப் போனதால், மெல்லிய மரச் சீவலை இடையில் சொருகி ஒட்டினார். அதை ஒருவரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பிறகு, பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பாலிஷ் போட நேரமில்லாமல் வெறும் மரமாக நின்ற கிட்டாருக்குக் கம்பி மட்டும் ஏறியிருந்தது. பெண்கள் இருவரும் அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாமா வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் சுருதி சேர்க்கும் சத்தம். பிறகு சிரிப்பு. பிறகு அக்காவின் குரலும் அதன் கீழே கிட்டாரும். விரல் பல இடத்தில் தடுமாறியது, துளைக்கு ஏற்ற மாதிரி ஓசையும் கொஞ்சம் புறாக்கூடுதான். ஆனால் அவள் வாசித்தாள். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உள்ளே போய் அவள் எதிரில் நிற்கக் கால் துடித்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பாட்டு பாதியில் நின்றது. கதவு திறந்தது.

"ஏங்க! மூணாவது கம்பி ஒரு இடத்துல கரகரங்குது. வந்து பாருங்க."

கேட்காமல் அவளாகச் சொன்ன முதல் குறை அது. மாமா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அதை நிமிர்த்தி வைக்கக்கூட அவர் நிற்கவில்லை.