தம்பிக்குக் கொடுத்த கடலை

முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் ராயபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. மூத்தவள் பெண், நாலு வயது. அடுத்தவன் பையன், அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான்.

தம்பி பிறந்ததிலிருந்து என் பெண்ணுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. கையில் உள்ளதை யாருக்கும் தரமாட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவள் முறுக்கைப் பார்த்தால்கூட முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். இப்படியே வளர்ந்துவிடுவாளோ என்று எனக்குக் கவலை. தின்ன எது கொடுத்தாலும், "தம்பிக்கு?" என்று கையை நீட்டுவேன். முதலில் அழுதாள். அப்புறம் ஒரு துணுக்கு கிள்ளி என் கையில் வைத்தாள். கடைசியில் நான் கேட்காமலே தம்பி பங்கு என்று எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அன்று மத்தியானம் அவளுக்கு ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை கொடுத்துவிட்டு, எதிரே இருந்த தெருக்குழாய்க்குப் போனேன். பையன் உள்ளே பாயில் விளையாடிக்கொண்டிருந்தான். குடம் பாதி நிறைவதற்குள் என் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, தம்பி இன்னாவோ மாதிரி பண்றான்."

அவள் குரலைக் கேட்டதுமே குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பையன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், சத்தமே வரவில்லை. முகம் சிவந்து, பிறகு கறுத்துக்கொண்டு வருகிறது. தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து கத்தினேன். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் கொடு என்கிறார், ஒருவர் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்கிறார். அடுத்த வீட்டு அம்மாள் என் பெண்ணின் கையில் இருந்த கடலையைப் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! தம்பியக் கொன்னுட்டியேடி!"

அந்த நேரம் சந்துக்குள் மீன் விற்றுக்கொண்டு ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும். அதற்கு முன் அவளை நான் பார்த்ததில்லை. கூடையை அப்படியே தரையில் போட்டாள், மீன் சிதறியது. "கொயந்தயக் குடும்மா" என்று என்னிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள். முழங்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் அடித்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அடித்தாள். பையனின் கால்கள் துவண்டு தொங்கின. யாரோ, "போதும், வுட்டுடு" என்றார்கள்.

"சும்மா கெட!" என்று அதட்டிவிட்டு இன்னும் ஓங்கி அடித்தாள்.

எச்சிலோடு ஒரு பாதிக் கடலை தெருவில் விழுந்தது. அப்போதும் அவன் அழவில்லை. பிறகு வீறிட்டான்.

பையனை மார்போடு அணைத்துக்கொண்டு நான் அழுதேன். என் பெண்ணைக் காணோம் என்பதை அந்த மீன்காரிதான் முதலில் கவனித்தாள்.

"பெரிய கொயந்த எங்கம்மா?"

பாதையில் ரயில் வரும் சத்தம் கேட்டது. எனக்குத் திரும்பவும் உயிர் போயிற்று. என் பெண்ணின் பெயரைக் கூவிக்கொண்டு இரண்டு பக்கமும் தேடினோம். கடைசியில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே இருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடலை இருந்த கையை இறுக மூடியிருந்தாள். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

மீன்காரி அவள் பக்கத்தில் குந்தினாள். வெளியே காக்கைகள் மீனைக் கொத்திக்கொண்டிருந்தன, அவள் எழுந்திருக்கவில்லை.

"நீ குடுத்தது தப்பில்ல கண்ணு. தம்பிக்குப் பல்லு மொளைக்கல, அதான் தொண்டையில மாட்டிக்கிச்சி. எனக்குப் பல்லு கீது, பாரு." வெற்றிலைக் கறை படிந்த பற்களை ஈயென்று காட்டினாள். "எனக்குக் குடேன். பசிக்குது."

என் பெண் வெகுநேரம் அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக விரல்களைத் திறந்தாள். வேர்வையில் நனைந்த அந்தக் கடலையை வாங்கி, அவள் எதிரிலேயே ஒவ்வொன்றாக மென்று தின்றாள் அந்த மீன்காரி. அதைப் பார்த்த பிறகுதான் என் மகள் வாய்விட்டு அழுதாள்.

மிஞ்சிய மீனைப் பொறுக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். பிறகு கரையோரக் குப்பங்களிலெல்லாம் விசாரித்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் வெகுநாள், யாருக்கு எதைக் கொடுப்பதானாலும் என் பெண், "உனக்குப் பல்லு கீதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள். எங்கள் சந்தே சிரிக்கும். ஆனால் கொடுப்பதை மட்டும் அவள் நிறுத்தவே இல்லை.

பையன் இன்று பெரியவனாகிவிட்டான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மீன்காரியை நினைத்துக்கொள்வேன். என் மகளைப் பார்க்கும்போது அதைவிட அதிகமாக நினைத்துக்கொள்வேன்.